ஒருவர் கழிவு, மற்றவர் முதல்

கமக்காரர் வீட்டில் வீணாகும் பொருள் மிகக் குறைவு. வைக்கோல் மாட்டுக்கு, சாணம் எருக்குழிக்கு, எரு மீண்டும் வயலுக்கு. பெரிய தொழிற்சாலைகளோ நெடுங்காலமாக மூலப்பொருளை ஒரு வாசலால் எடுத்து, கழிவை மறுவாசலால் கொட்டி வந்தன. இவ்வழக்கம் மாறக்கூடியதா? டென்மார்க்கின் கலுண்ட்போர்க் என்னும் சிறு துறைமுகப்பட்டினம் தரும் விடையை நாம் அறிந்திருப்பது நல்லது.

அங்கே எல்லாம் தண்ணீர்ப் பிரச்சினையில்தான் தொடங்கியது. நிலத்தடி நீரைக் காப்பதற்காக 1961இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றுக்கு டிஸ்ஸோ ஏரியிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. 1972இல் அந்நிலையத்தில் மிஞ்சிய வாயு, அயலிலிருந்த சுவர்ப்பலகைத் தொழிற்சாலைக்கு எரிபொருளாயிற்று. பின்னர் நிலக்கரி மின்நிலையத்தின் வெப்பம் நகர வீடுகளுக்குச் சென்றது. 1993இல் அதன் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கத் தொடங்கியபோது உண்டான ஜிப்சமும் சுவர்ப்பலகை செய்ய உதவியது.

கமக்காரருக்கும் இதில் பங்கு கிடைத்தது. 1976 முதல் நோவோ தொழிற்சாலையில் எஞ்சிய சேறு, கிருமி நீக்கப்பட்டபின் அயல் வயல்களுக்குப் பசளையாயிற்று. இன்சுலின் தயாரிப்பில் மிஞ்சிய மதுவம் பன்றித் தீனியாயிற்று.

இதைத் தர்மம் என்று நாம் எண்ணிவிடக்கூடாது. கழிவை அகற்றுவதற்குச் செலவு உண்டு. அரச விதிகளும் இறுகின. ஒவ்வோர் ஏற்பாடும் இரு தரப்பினர் பேசிச் செய்துகொண்ட வியாபார ஒப்பந்தமே. இலாபமும் சட்டமும் சேர்ந்து தள்ளும்போதே உற்பத்தியாளர் மீள்பயன்பாட்டை நாடுகின்றனர். நிலைமை மாறினால் தொடர்பும் அறுந்துவிடும். 2019இல் அம்மின்நிலையம் மரச்சீவலுக்கு மாறியது. நிலக்கரி போனால் அந்த ஜிப்சமும் போய்விடும்.

நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே. எல்லாச் சேறும் பசளை அல்ல. ஈயம், கட்மியம் போன்ற உலோகங்கள் மண்ணில் சேர்ந்தால் எளிதில் நீங்கமாட்டா; பயிரினூடாக நமது உணவிலும் கலக்கும். இடம்பெயர்ந்து, வேறொரு காணியில் மீண்டும் கமம் தொடங்கும் குடும்பத்துக்கு ‘இலவசப் பசளை’ என்ற சொல் இனிக்கும். ஆயினும் ஏற்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம்: இதில் என்ன இருக்கிறது? பரிசோதித்தவர் யார்? நாளை இது நின்றுபோனால் நமக்கு வேறு வழி உண்டா?

தனியொருவர் கேட்டால் பதில் கிடைக்காமல் போகலாம். ஆகவே கமக்காரர் சங்கமாகக் கூடிக் கேட்போம். தொழிற்சாலைக்கு நமது வயல் தேவைப்படுகிறதென்றால், நாமும் அங்கே ஒரு தரப்பினரே. குப்பை கொட்டும் இடமல்ல.