முண்டாசு வந்த வீடு – 5: சிவப்புத் துண்டில் கறுத்தவன்

போன வாரம் கூண்டு. கண்ணாடித் தொட்டி வேண்டாம், நாலு பக்கமும் வலை, உயரம் நாலடி, உள்ளே நிஜச் செடி. விட்டுப்போனவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள், திரும்ப எழுத இடமில்லை.

இந்த வாரம் இரையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். சுவர்க்கோழி, கரப்பான், அவற்றின் மேல் தூவும் கால்சியம் பொடி என்று குறிப்பெல்லாம் எடுத்தாயிற்று. புதன்கிழமை இரவு டொரண்டோவிலிருந்து வந்த வீடியோ அத்தனையையும் கெடுத்தது.

அக்கா மகனின் பெண்ணுக்கு எட்டு வயது. கட்டிலில் சிவப்புத் துண்டை விரித்து, அதன் நடுவில் வளர்ப்புப் பச்சோந்தி முண்டாசை உட்கார வைத்திருக்கிறாள். "தாத்தா, பாத்துட்டே இருங்க, இப்ப சிவப்பா மாறுவான்."

மாறினான், ஆனால் சிவப்பாக இல்லை. விலாவில் இருந்த மஞ்சள் பட்டைகள் முதலில் மங்கின. பச்சை, பாசி நிறத்துக்குப் போய், அங்கிருந்து வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தது. உடம்பைப் பக்கவாட்டில் பலகைபோலத் தட்டையாக்கிக்கொண்டான். ஒரு கண் குழந்தையின் விரலையே பார்க்க, இன்னொரு கண் தனியாகச் சுழன்று கதவைத் தேடியது.

"ஏன் தாத்தா கறுத்துட்டான்?"

"பயந்துட்டான்டா கண்ணு. தூக்கிக் கூண்டுல விட்டுடு."

விட்டாள். அரை மணி நேரத்தில் பச்சை திரும்பிவிட்டதாகத் தகவல் வந்தது. அப்புறம் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நம் மொழி இந்த விஷயத்தில் நிதானமானது. பச்சை ஓந்தி, பச்சோந்தி. ஓந்தி என்றால் ஓணான். பச்சை நிற ஓணான் என்பதோடு பெயர் நின்றுகொள்கிறது. இடத்துக்கு ஏற்ப நிறம் மாறும் என்று அது சொல்லவில்லை. அதைச் சேர்த்தவர்கள் பிற்பாடு வந்த மேடைப் பேச்சாளர்கள். கட்சி மாறுகிறவன் மனசில் இருப்பதை மறைக்கிறான். பச்சோந்தியோ மனசில் இருப்பதையெல்லாம் தோலில் எழுதிவைத்துவிடுகிறது. இலைக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதன் பச்சை ஒளிந்துகொள்ள உதவும், உண்மைதான். ஆனால் துண்டு சிவப்பா, சதுரங்கப் பலகையா என்று அது பார்ப்பதில்லை. குளிர், வெயில், பயம், கோபம், காதல், தோல்வி – நிறம் மாறுவது இவற்றுக்காக.

எப்படி மாறுகிறது? நான் இத்தனை நாள் பள்ளிக்கூடத்தில் சொன்னதையே நம்பிக்கொண்டிருந்தேன்: தோலுக்கடியில் வண்ணப் பைகள், அவை விரியும், சுருங்கும். பாதிதான் சரி. கறுப்பு அப்படித்தான் வருகிறது. மெலனின் என்ற கருநிறப் பொருள் அதன் செல்லுக்குள் பரவினால் தோல் இருளும், ஒடுங்கினால் வெளிறும். ஆனால் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் தாவுவது வேறு கதை.

மத்தி மீனைக் கழுவும்போது கையில் ஒட்டும் வெள்ளி மினுமினுப்பு தெரியுமல்லவா? அது குவானின் என்ற பொருளின் படிகம். பறவை எச்சமான குவானோவிலிருந்து பிரித்ததால் அந்தப் பெயர். நம் மரபணுவில் இருக்கும் நாலு எழுத்துகளில் ஒன்றும் இதே குவானின்தான். பச்சோந்தியின் தோலிலும் இது இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்களாக, பழக்கடையில் ஆரஞ்சு அடுக்கிவைத்ததுபோல ஒழுங்கான வரிசையில். 2015-இல் ஜெனிவா பல்கலைக்கழகத்தில் மிலின்கோவிச் குழுவினர் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை வைத்து இதைக் காட்டினார்கள். அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நிற்கும். அப்போது அவை நீல ஒளியைத் திருப்பியடிக்கும். அதற்கு மேலே மஞ்சள் நிறமி ஓர் அடுக்கு. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை! எதிரில் இன்னொரு ஆண் வந்து நின்றால் படிகங்களுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது. திருப்பியடிக்கும் ஒளி நீலத்திலிருந்து மஞ்சள், சிவப்புப் பக்கம் நகர்கிறது. சில நிமிடங்களில் பச்சை ஆள் மஞ்சள் ஆள்.

அதாவது அந்தத் தோலில் நீலச் சாயம் என்று ஒன்று கிடையாது. மயில் தோகையிலும் கிடையாது. மயில்கழுத்துப் பட்டில் ஊடும் பாவும் வேறு வேறு நிறம்; திருப்பினால் மாறித் தெரிகிறது. இங்கே துணியைத் திருப்ப வேண்டியதில்லை, நெசவே தளர்ந்து இறுகுகிறது. ஜெனிவாக் குழுவினர் பச்சோந்தித் தோலில் ஒரு துண்டை எடுத்து உப்புக் கரைசலில் போட்டும் பார்த்திருக்கிறார்கள். கரைசல் மாற மாற, உடம்பிலிருந்து பிரிந்த அந்தத் துண்டின் நிறமும் நகர்ந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொன்னேன். எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை.

இந்தப் படிக அடுக்கின் அடியில் இன்னோர் அடுக்கு இருக்கிறது. அதில் படிகங்கள் பெரியவை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பிவிட்டு உடம்புக்குச் சூட்டைக் குறைக்கிறதாம். கூரைக்குக் கீழே ஒரு கூரை.

சரி, வளர்க்கிறவர்களுக்கு இதனால் என்ன? முண்டாசு ஏமன், சவூதி மலைப்பக்கத்து இனம். தலையில் கொண்டை எழும்பியவன், அதனால்தான் அந்தப் பெயர். காலையில் விளக்கு போட்டதும் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து கறுத்தால் பயப்பட வேண்டாம். குளிருக்குக் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்கிறான், சூடு ஏறியதும் கழற்றுவான். மத்தியானம் வெளிறி வாயைத் திறந்தால் விளக்கு பக்கத்தில் இருக்கிறது, தள்ளி வையுங்கள். ராத்திரி தூங்கும்போது வெளிறுவது இயல்பு. பகலில் கண்ணை மூடிக்கொண்டு கறுத்தே கிடந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். எதிரில் கண்ணாடி இருக்கிறதா என்றும் பாருங்கள். தன் பிம்பத்தோடு சண்டை போட்டே ஓய்ந்துபோகும் ஜீவன் இது.

முண்டாசின் இனத்து ஆண்களை மோதவிட்டு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லைகன், மெக்ராவ் என்ற இருவர் 2013-இல் ஒரு கணக்கு எழுதினார்கள். பட்டைகள் பிரகாசமாக இருப்பவன் முன்னேறி வருவான். தலை பிரகாசமாகவும் வேகமாகவும் நிறம் மாறுகிறவன் ஜெயிப்பான். தோற்கிறவன் கறுத்துக்காட்டினால் எதிராளி விட்டுவிடுவான் என்று லைகன் அடுத்த வருஷம் எழுதினார். கட்டிலில் குழந்தை பார்த்த கறுப்பும் அந்த வகைதான்: என்னை விட்டுவிடு.

ஹவாய்க் கதையைச் சொல்லாமல் விட மனசில்லை. 1972-இல் ஓவாஹு தீவில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்காரருக்குக் கென்யாவிலிருந்து முக்கொம்புப் பச்சோந்திகள் வந்தன. வழியில் வாடி வதங்கியிருந்தன. பாவம், தேறட்டும் என்று தோட்டத்தில் விட்டார். தேறின, வேலி தாண்டின. இன்று அந்தத் தீவுகளில் அவை பல்கிக் கிடக்கின்றன. கென்யாவில் பாம்பும் பறவையும் பிடித்துத் தின்னும். ஹவாயில் அந்தப் பயம் அநேகமாக இல்லை. 2022-இல் ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் வைட்டிங் குழு இரண்டு இடத்து ஆண்களையும் ஒப்பிட்டது. ஹவாய்க்காரன், கென்யாவில் இருக்கும் சொந்தக்காரனைவிடப் பளீரென்று நிறம் காட்டுகிறான். ஐம்பதே வருஷத்தில்!

ஆசிரியரிடமிருந்து மூன்றாவது போன் வந்துவிட்டது. இரையும் நாக்கும் அடுத்த வாரம், இந்த முறை நிச்சயமாக.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: தோட்டத்து வேலியில் பச்சோந்தி ஒன்று வந்திருக்கிறது, பிடித்து வளர்க்கலாமா? கூடாது. நம் முள்காடுகளில் இருப்பது இந்தியப் பச்சோந்தி. அந்தக் கடைக்காரர் ஹவாயில் தோட்டத்தில் விட்ட அதே 1972-இல்தான் இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தப் பச்சோந்தி அதன் பட்டியலில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். அதற்கு விஷமும் கிடையாது. வேலியிலேயே இருக்கட்டும் ஐயா. காலையில் ஏழு மணிவாக்கில் போய்ப் பாருங்கள், வெயிலைப் பார்த்துக் கறுத்து உட்கார்ந்திருக்கும்.

(தொடரும்)