பூட்டிய பிறகு விழுந்த கெர்னல்

கெர்னலுக்குள் ஒரு பயணம் – 14

சென்ற வாரம், லினக்ஸில் ஒரு கோப்பு முறைமையை மவுன்ட் செய்யும்போது என்னென்ன நடக்கிறது என்று பார்த்தோம். இந்த வாரம் அதன் மறுபாதியான அன்மவுன்ட். சேர்ப்பதைவிடப் பிரிப்பதுதான் கடினம். சேர்க்கும்போது எல்லாமே புதுக்கணக்கு. பிரிக்கும்போதோ, யார் யார் எதைப் பிடித்திருக்கிறார்கள் என்ற பழைய கணக்கு முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும்.

தீராவிட்டால் என்ன ஆகும் என்பதை, படிப்பதற்காக நானே எழுதிய ஒரு சிறிய கோப்பு முறைமை எனக்குக் காட்டியது. அதை 5.10 கெர்னலில், க்யூஇமு மெய்நிகர் கணினியில் ஓட்டினேன். மவுன்ட் செய்வேன், ஒரு கோப்பை எழுதுவேன், அன்மவுன்ட் செய்வேன். கட்டளை பிழையின்றி முடிந்துவிடும். சில நொடிகள் கழித்து, நான் எதையும் தொடாமல் இருக்கும்போது கெர்னல் விழும். சில நாள் இப்படி. சில நாள் எத்தனை முறை முயன்றாலும் விழாது.

இப்படி வந்து வந்து மறையும் பிழையைப் பிடிக்க முதலில் இரண்டு ஏற்பாடுகள் செய்தேன். சீரியல் கன்சோலில் வரும் செய்திகளெல்லாம் வெளிக்கணினியில் ஒரு கோப்பில் பதிவாகும்படி வைத்தேன். விழுந்துகொண்டிருக்கும் கெர்னல் தன் வட்டில் எதையும் ஒழுங்காக எழுதும் என்று நம்ப முடியாது. அடுத்து, கெர்னலைத் தொடங்கும்போதே ஸ்லப் டீபக் வசதியை இயக்கினேன். அது, விடுவிக்கப்பட்ட நினைவகத்தை 6பி என்ற பதினாறடிமான பைட்டால் நிரப்பிவிடும். செத்த நினைவகத்தை யாராவது தொட்டால் அந்தத் தடயம் கையில் ஒட்டும்.

அடுத்த முறை விழுந்தபோது ஒட்டியது. கெர்னல் விழும்போது அச்சிடும் ஊப்ஸ் அறிக்கையின் முதல் வரியில் இருந்த முகவரி: 6பி6பி6பி6பி6பி6பி6பி93. விழுந்த செயல்கூறு ஐபுட். அதற்குக் கீழே இருந்த அழைப்புத் தடத்தில் பின்னணி வேலைகளைச் செய்யும் கேவொர்க்கர் இழையின் செயல்கூறுகள் மட்டுமே. அன்மவுன்ட் என்ற சொல் எங்கும் இல்லை.

அந்த முகவரியின் கடைசி பைட்டைப் பாருங்கள். ஏழு இடங்களில் 6பி, எட்டாவதில் மட்டும் 93. பதினாறடிமானத்தில் 6பி-யுடன் 28 கூட்டினால் 93. அந்த 28 நமது கணக்கில் 40. கோப்பு முறைமை முழுவதையும் குறிக்கும் சூப்பர் பிளாக்கின் செயல்கூறு அட்டவணையில் ஒவ்வொரு சுட்டிக்கும் 8 பைட். 40 பைட் தள்ளி இருப்பது ஆறாவது சுட்டியான ட்ராப் ஐநோடு. ஒரு கோப்பையோ அடைவையோ குறிக்கும் ஐநோடைக் கடைசியாகக் கைவிடும்போது ஐபுட் தேடிப்போவது அதைத்தான். ஆக, ஐநோடு உயிரோடு இருக்கிறது. அது சார்ந்திருந்த சூப்பர் பிளாக் செத்து, அதில் இருந்த அட்டவணையின் முகவரி 6பி-ஆக மாறிவிட்டது. வீட்டை இடித்தபின் அதே முகவரிக்குத் தபால் போயிருக்கிறது.

அனுப்பியது யார்? என் நிரலில் ஐநோடைப் பிடிக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கோப்பு எழுதப்பட்டு 10 நொடி கழித்து, மூல அடைவில் உள்ள கோப்புகளை எண்ணிவைக்க ஒரு தாமத வேலையை வரிசையில் போட்டிருந்தேன். போடும்போது மூல அடைவின் ஐநோடில் ஒரு பிடி எடுப்பேன். வேலை முடிந்ததும் ஐபுட் மூலம் அதை விடுவேன். பிடித்ததும் சரி, விட்டதும் சரி. இடையே அன்மவுன்ட் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் எழுதவில்லை. எழுதிய 10 நொடிக்குள் அன்மவுன்ட் செய்தால் விழும். பொறுத்துச் செய்தால் விழாது. சில நாள் விழாததன் காரணமும் இதிலேயே கிடைத்துவிட்டது.

அப்படியானால் அன்மவுன்ட் ஏன் மறுக்கவில்லை? ஒரு கோப்பு திறந்திருந்தாலோ, யாராவது அந்த அடைவுக்குள் நின்றிருந்தாலோ ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுக்கிறதே? அந்தக் கணக்கு மவுன்ட்டின் மீது இருப்பது. கெர்னலுக்குள்ளிருந்து நேரடியாக ஐநோடின் மீது எடுக்கும் பிடி அதில் சேராது. அதைத் திருப்பித் தருவது முழுக்க முழுக்க நிரல் எழுதியவரின் பொறுப்பு.

திருத்தம் ஒரே வரிதான். கோப்பு முறைமையைக் கலைக்கும் கில் எஸ்பி செயல்கூறில், பொதுவான கலைப்பு தொடங்கும் முன்பே, நிலுவையில் உள்ள தாமத வேலையை உடனே ஓட்டி முடிக்கச் சொன்னேன். பிறகு மவுன்ட், எழுது, அன்மவுன்ட் என்ற சுற்றை இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் கெர்னல் நின்றுகொண்டிருந்தது.

2015-இல் வந்த லினக்ஸ் 4.0 முதல் கேசான் என்ற கருவியும் கெர்னலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு பைட் நிழல் நினைவகம் ஒதுக்கி, செத்த இடத்தைத் தொட்ட கணத்திலேயே, அந்த இடத்தை யார் ஒதுக்கினார், யார் விடுவித்தார் என்ற தடங்களோடு சொல்லிவிடும். சோதனைக் கணினியில் அதை இயக்காமல் கெர்னல் நிரல் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் எந்தக் கருவியும் இல்லாமலேயே கெர்னல் எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தது. பழைய பதிவுகளைத் திரும்பப் படித்தபோது, ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் சில நொடிகள் முன்னால் ஒரு வரி இருந்தது: அன்மவுன்ட் ஆன பிறகும் ஐநோடுகள் பயன்பாட்டில் உள்ளன, 5 நொடியில் எல்லாம் தானே அழியும் என்று. அன்மவுன்ட் நடந்த அதே கணத்தில் வந்த வரி. ஊப்ஸ் அறிக்கையிலேயே கண் பதிந்திருந்ததால் அதை நான் பார்க்கவே இல்லை.

கெர்னல் விழுந்த இடம் வேறு, பிழை இருக்கும் இடம் வேறு. உங்கள் கணினி விழுந்தால் பதிவின் கடைசி வரியில் தொடங்காதீர்கள். மேலே போய், வழக்கத்துக்கு மாறான முதல் வரி எது என்று தேடுங்கள்.

(தொடரும்)