பயாப்ஸி ரிப்போர்ட்டில் இ.ஆர்., பி.ஆர்.

கருப்பைப் புற்றுநோய் என்று உறுதிசெய்யும் ரிப்போர்ட்டின் கடைசியில் ‘இ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ்’ என்று இருந்தால் வீட்டில் எல்லோரும் கலங்கிப்போகிறார்கள். பெரும்பாலும் அந்தத் தாளில் ஆறுதல் தரும் வரியே அதுதான்.

மாதாமாதம் மாறும் சவ்வு

கருப்பையின் உள்வரிச் சவ்வு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்ற இரு ஹார்மோன்களுக்குக் கட்டுப்பட்டது. அவற்றைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதங்கள் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. அவைதான் இ.ஆர்., பி.ஆர். அவற்றுக்கான மரபணுக்கள் எல்லா செல்லிலும் உண்டு. எங்கே, எவ்வளவு மும்முரமாக வேலை செய்கின்றன என்பதில்தான் விஷயம்.

மாதவிலக்கு முடிந்ததும் ஈஸ்ட்ரோஜன் ஏறும், சவ்வு தடிக்கும், இரண்டு ஏற்பிகளும் கூடும். புரோஜெஸ்டிரான் ஏற்பியின் மரபணுவை முடுக்கிவிடுவதே ஈஸ்ட்ரோஜன்தான். தன்னை அடக்க வருகிற ஹார்மோனுக்கு அதுவே வழி திறந்துவைக்கிறது! கருமுட்டை வெளியான பின் புரோஜெஸ்டிரான் வந்து வளர்ச்சியை நிறுத்தி, சுரப்பிச் செல்களில் இரு ஏற்பிகளையும் குறைத்துவிடும்.

அடக்க ஆளில்லாதபோது

சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை (பி.சி.ஓ.எஸ்.) உள்ள பெண்களுக்கு மாதக்கணக்கில் கருமுட்டை வெளியாகாமல் போகலாம், புரோஜெஸ்டிரானும் சுரக்காது. மாதவிடாய் நின்ற பிறகோ, உடல் பருமன் இருந்தால் கொழுப்புத் திசுவே ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டிருக்கும். சவ்வு ஓயாமல் வளர்வதால் புற்று உண்டாகும் அபாயம் கூடுகிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் இதே அபாயம் கூடுவதை அமெரிக்க ஆய்வுகள் 1975இல் வெளிக்கொண்டுவந்தன. கருப்பை இருப்பவர்களுக்கு இப்போது அதோடு புரோஜெஸ்டிரான் வகை மருந்தையும் சேர்த்தே தருகிறார்கள்.

கட்டிக்குள்

பயாப்ஸித் துண்டில் சாயம் ஏற்றிப் பார்த்தால் ஏற்பி உள்ள உட்கருக்கள் பழுப்பாகத் தெரியும். வீரியம் குறைந்த, முதல் கிரேடு கட்டிகளில் திசுவின் பெரும்பகுதி பழுப்பாகவே இருக்கும். அதாவது, செல் புற்றாக மாறியும் ஹார்மோனின் பேச்சை இன்னும் கேட்கிறது. கிரேடு ஏற ஏறப் பழுப்பு குறையும். சீரஸ் வகை போன்ற முரட்டுக் கட்டிகளில் ஏற்பிகள் பெரும்பாலும் மங்கியோ மறைந்தோ போகின்றன; அவை விரைவில் பரவக்கூடியவை.

ஆரம்ப நிலையில் இருக்கும் இளம்பெண் குழந்தை வேண்டும் என்றால், சிலருக்குக் கருப்பையை எடுக்காமல், புரோஜெஸ்டிரான் வகை மாத்திரையோ காப்பர்-டி போன்ற ஹார்மோன் சாதனமோ வைத்துப் பார்க்கிறார்கள். பி.ஆர். இருந்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இடையிடையே திரும்பத் திரும்ப பயாப்ஸி எடுத்தாக வேண்டும். மற்றவர்களுக்கு அறுவை சிகிச்சையே முதல் வழி.

டாக்டரிடம் எப்போது?

மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் போக வேண்டும். ‘சூட்டுக்குப் படுகிறது’ என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துக் காலம் கடத்துவது ஆபத்து. அப்படிப் படுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இராது. ஆனால் மாதவிடாய் நின்றபின் இந்தப் புற்று வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதுவே அறிகுறி. உள்வழி ஸ்கேனில் சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் வழக்கமாக பயாப்ஸி எடுப்பார்கள். பாப் ஸ்மியர் கருப்பை வாய்க்கான சோதனை; அது நார்மல் என்பதால் உள்சவ்வும் நார்மல் என்றாகாது.

மார்பகப் புற்றுக்காக டாமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் அதே மாத்திரை, கருப்பைச் சவ்வில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும். ரத்தம் பட்டால் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.