சுவரில் எழுதுவோரின் எழுத்தாணி

ஓலையில் எழுதிய நம் முன்னோர் எழுத்தாணியைத் தெரிந்தெடுப்பதில் காட்டிய கவனத்தைப் பற்றி மாணாக்கருக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். கூர் மிகுந்தால் ஓலை கிழியும். மழுங்கினால் கீறல் பதியாது. அதே கவனத்தை, ஓலையைக் கண்ணாலும் கண்டிராத ஓர் இளைஞன் கையிலே, கடல் கடந்த நகரொன்றில் காண்பேன் என்று நான் எண்ணியதில்லை.

சென்ற ஐப்பசியில் ரொறன்ரோவிலுள்ள என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் தாயார் அங்கேதான் ஆனியில் காலமானார். விசா கிடைக்கப் பிந்தியமையால் இறுதிக் கிரியைக்கு என்னாற் போக முடியவில்லை. தங்கையின் மகன், என் மருமகன், ஆறு வயதில் ஊரை விட்டவன். தமிழ் பேசுவான், எழுதப் பழகவில்லை. அவன் செய்வது கிராபிற்றி என்னும் சுவரெழுத்து. பதினைந்தாம் வயதில் அவனைப் பொலிசார் வீட்டுக்குக் கூட்டி வந்தார்களாம். அன்று தொட்டு அவனுடைய தகப்பனார் அந்த வேலையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இப்பொழுது கடைக்காரர் ஒருவர் தம் பின்சுவரை இசைவோடு அவனுக்குக் கொடுத்திருந்தார். "அம்மம்மா எண்டு தமிழிலை எழுதப் போறன், மாமா. நீங்கள் பக்கத்திலை நிண்டு பிழை பாருங்கோ" என்றான்.

சுவரில் எழுதுவோரைப் பற்றி நான் கொண்டிருந்த அபிப்பிராயம் நல்லதன்று. எங்கள் கல்லூரி மதிலிலே தேர்தற் காலத்தில் எவரோ தீட்டிய எழுத்தை மாணாக்கரோடு நின்று உரஞ்சிக் கழுவியவன் நான். ஆயினும் எழுத்துப் பிழை பார்க்கும்படி கேட்டால் மறுக்கும் வழக்கம் எனக்கில்லை.

முதல் நாளிரவு அவன் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினான். தையற்காரர் பொத்தான் போட்டு வைப்பது போன்ற சிறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஸ்பிறே ரின்னின் தலையிற் பொருத்தும் சின்னஞ்சிறு மூக்குகள். அவர்கள் இதனைக் கப் என்பர், தொப்பி என்னும் பொருளில். வர்ணம் வெளிவருவது இதன் துளை வழியே ஆதலால், மூக்கு என்றே நான் சொல்லுகிறேன்.

இதற்கொரு வரலாறு உண்டு. தகரக் குப்பியில் அடைத்த வாயுவின் உந்தலால் திரவத்தைத் தூவும் முறையை நோர்வே நாட்டவரான எரிக் ரொத்தைம் 1920களில் வகுத்தார். 1949இல் அமெரிக்காவிலே எட்வேர்ட் சீமோர் என்பவர் அக்குப்பியுள் வர்ணத்தை அடைத்தார். வீடுகளைச் சூடாக்கும் கருவிகளுக்குத் தாம் ஆக்கிய அலுமினியப் பூச்சைக் காட்டுவதே அவர் நோக்கம். 1960களின் பிற்பகுதியிற் பிலடெல்பியாவிலும் பின்னர் நியூயோர்க்கிலும் இளைஞர் தம் புனைபெயர்களைச் சுவர்களிலும் வண்டிகளிலும் எழுதலாயினர். டாக்கி 183 என்று எங்கும் பெயர் பொறித்துத் திரிந்த ஓர் இளைஞனைப் பற்றி 1971 யூலையில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை எழுதியது. 183 அவன் வாழ்ந்த வீதியின் இலக்கம். இவர்கள் தம்மை ஓவியர் என்று சொல்வதில்லை. எழுத்தாளர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். இதைக் கேட்டுச் சிரித்தேன். பெட்டியை முழுதும் பார்த்த பின் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

கடையிற் குப்பியோடு வரும் மூக்கு கதிரைக்கும் கேற்றுக்கும் பூச்சடிக்க அமைந்தது. நடுத்தர அகலம், நடுத்தரக் கூர்மை. இரயிற் பெட்டியொன்றின் பக்கத்தை விடியுமுன் நிரப்ப விரும்பியவனுக்கு அது போதவில்லை. 1972 அளவிலே சூப்பர் கூல் 223 என்னும் புனைபெயருடையான் வேறொரு வீட்டுப் பாவனைக் குப்பியின் அகன்ற மூக்கைக் கழற்றி வர்ணக் குப்பியில் மாட்டினான் என்பர். பெரிய எழுத்துக்கள் அதன் பின் பெருகின. 1989இல் நியூயோர்க் நிர்வாகம் எழுத்துப் படிந்த கடைசி இரயிலையும் சேவையினின்றும் அகற்றியது. மூக்கோ அழியவில்லை. 1994இல் பார்சலோனாவிலே தொடங்கிய மொன்ரானா கலர்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்த எழுத்தாளருக்கென்றே வர்ணமும் மூக்கும் செய்து விற்கின்றன.

மருமகன் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு மட்டையில் அடித்துக் காட்டினான். மெல்லிய மூக்கு சுவருக்கு அணித்தாய்ப் பிடித்தால் விரலளவுக் கோடு தரும். தள்ளிப் பிடித்தால் கோட்டின் ஓரம் புகைபோற் கலையும். அகன்ற மூக்கு நாலைந்து அங்குலத்துக்கு மேலும் விரியும். அதைப் பிடித்தவன் கையைத் தயங்காமல் வீச வேண்டும்; தயங்கினால் வர்ணம் ஒழுகிவிடும். வட்டமாகத் தூவாமற் பட்டையாகத் தூவும் மூக்கும் உண்டு. அதனாற் கீறிய கோடு, கையின் திசைக்கேற்ப ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும், பட்டை வெட்டிய பேனா எழுத்துப்போல் இருந்தது. சில மூக்குகளுக்குக் காம்பு மூக்கிலேயே இருக்கும். வேறு சிலவற்றுக்குக் காம்பு குப்பியில் இருக்கும். இவை ஒன்றுக்கொன்று பொருந்தா. நிறத்தைப் பார்த்து வாங்குவதும் பிழையாம். ஒரு நிறுவனத்தின் நிறக்குறி மற்றதற்குச் செல்லாது. மட்டையில் அடித்துப் பாராமல் எதையும் சுவருக்குக் கொண்டுபோகேன் என்றான். யாப்புப் படிப்பிப்பவனுக்கு இந்தப் பிடிவாதம் புதிதன்று.

மறுநாட் காலை மைத்துனரே எங்களைக் காரிற் கொண்டுபோய் இறக்கினார். தாம் இறங்கவில்லை. குளிர் கடுமையாயிருந்தது. குப்பி குளிர்ந்தால் உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் குறைந்து வர்ணம் விட்டு விட்டுத் தெறிக்கும் என்பதால், வேண்டியதொன்றைத் தவிர மற்றவற்றைக் காருக்குள்ளேயே வைத்தோம். மருமகன் மூக்கும் வாயும் மூடும் வடிகவசத்தை அணிந்துகொண்டு, எனக்கும் ஒன்று தந்தான்.

அகரத்தை அவன் அகன்ற மூக்கால் ஒரே வீச்சில் எழுதினான். சுழி அடைபட்டு நீலக் கட்டியாயிற்று. உரோம எழுத்திற் பழகிய கை. நம் எழுத்தின் சுழி எவ்வளவு இடம் கேட்கும் என்று அறியாது. "சுழிக்குள்ளே வெளிச்சம் தெரியவேணும், தம்பி" என்றேன். வெள்ளை அடித்து மறைத்தோம். அவன் காலையும் கோட்டையும் அகன்ற மூக்கால் எழுதி, சுழியை மாத்திரம் மெல்லிய மூக்கால் அணித்தாய் நின்று சுற்றினான். அகரம் கண் விழித்தது. மகரங்களுக்குச் சுழியில்லை, அவை விரைவில் முடிந்தன.

பிறகு கீழே இறங்கி, முடிந்தது என்றான். சுவரில் அமமமமா என்றிருந்தது.

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதி. ஆயினும் ஓலை பொத்துவிடும் என்று அஞ்சி எழுதுவோர் அதனை விட்டனர். படிப்போர் தாமே ஊகித்துக்கொண்டனர். என் தாயாரை ஊகிக்கும்படி விட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு புள்ளியும் வேண்டும் என்றேன்.

புள்ளிதான் கடினம் என்றான் அவன். குப்பியை அசைக்காமல் ஓரிடத்தில் நிறுத்தி அடிப்பதால், ஒரு கணம் கூடினும் வர்ணம் ஒழுகும். மிக மெல்லிய மூக்கை மாட்டினான். முதற்புள்ளி நன்றாய் விழுந்தது. இரண்டாவதற்குப் போகுமுன் மூக்கு அடைத்துவிட்டது. குப்பியைத் தலைகீழாய்ப் பிடித்து வாயு மாத்திரம் வரும்வரை அழுத்திப் பார்த்தான். அடைப்பு நீங்கியும் வர்ணம் சீராய் வரவில்லை. இவ்வளவு நேரமாகக் கையிலிருந்த குப்பி குளிர்ந்துபோயிருந்தது.

காரின் கதவு திறந்த ஓசை கேட்டது. மைத்துனர் வந்தார். மேற்சட்டைக்குள் கையை விட்டு, நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த நீலக் குப்பியொன்றை எடுத்து மகனிடம் நீட்டினார். அவன் மூக்கை அதில் மாற்றினான். தகப்பனார் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.