கண்காணிப்பும் துருவி ஆராய்தலும்



2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கிண்ணியாவிலும் மூதூரிலும் திருகோணமலை நகரிலும் கையடக்கத் தொலைபேசியே பல பிள்ளைகளுக்கு வகுப்பறையாயிற்று. பாடசாலைகள் மீண்டும் திறந்தன. தொலைபேசியோ பிள்ளைகளின் கையிலேயே தங்கிவிட்டது. தந்தை கடலிலோ மத்திய கிழக்கிலோ உழைக்க, தாய் தனித்துப் பொறுப்பேற்கும் இல்லங்களில் இது பெரும் சுமையாகும்.

பிள்ளை உறங்கிய பின் அதன் தொலைபேசியை இரகசியமாகப் பார்ப்பதுதான் வழியா? சுவீடன் நாட்டில் ஹாக்கன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்னும் உளவியலாளர்கள் 14 வயதுடைய 703 பேரையும் அவர்தம் பெற்றோரையும் ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பெற்றோர் தம் பிள்ளைகளைப் பற்றி நன்கு அறிந்திருந்த இல்லங்களில் தீய நடத்தை குறைவாயிருந்தது. அந்த அறிவு எவ்வாறு கிடைத்தது? பெற்றோர் துருவிக் கேட்டதைவிட, பிள்ளைகள் தாமே மனமுவந்து சொன்னதாலேயே பெரிதும் கிடைத்தது. இன்றைய தொலைபேசிகள் வருமுன் நடந்த ஆய்வாயினும் அதன் படிப்பினை இன்றும் பொருந்தும்.

தான் வேவு பார்க்கப்படுவதை அறிந்த பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்கிறது, கடவுச்சொல்லை மாற்றுகிறது, இன்னொரு கணக்கைத் திறக்கிறது. பின்னொரு நாள் முகமறியாத ஒருவன் படமொன்றைக் காட்டி மிரட்டும்போது, வாப்பாவிடமோ உம்மாவிடமோ வாய் திறக்க அஞ்சுகிறது. பேராபத்து அங்கேதான் இருக்கிறது.

திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயத்தின் 12ஆம் வசனம், பிறரைத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கின்றது. ஆயினும் பெற்றோர் கண்ணை மூடிக்கொள்ளலாகாது; பிள்ளை அறியும்படி வெளிப்படையாகக் கண்காணிக்க வேண்டும். இஷாத் தொழுகைக்குப் பின் எல்லோருடைய தொலைபேசியும் வீட்டின் நடு மண்டபத்தில் இருக்கட்டும். வாப்பாவினதும் அங்கேயே இருக்கட்டும். பிள்ளை பார்ப்பதைச் சில வேளை உடனிருந்து பாருங்கள். வெளிநாட்டிலிருந்து அழைக்கும் தந்தையர், பரீட்சைப் புள்ளிகளோடு பிள்ளையின் நண்பர்களைப் பற்றியும் விசாரியுங்கள். பிள்ளை தன் தவறைச் சொல்ல வரும்போது, முதலில் கேளுங்கள்; கண்டிப்பைப் பின்னர் வைத்துக்கொள்ளுங்கள்.

இளைஞர்களே! எவரேனும் மிரட்டினால் பணமோ படமோ அனுப்பாதீர்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள். அன்றே பெற்றோரிடம் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்துக்கும் முறையிடலாம்.

பிள்ளைகள் அஞ்சாமல் பேசக்கூடிய இல்லங்களை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.