உடம்பே சார்ஜர்... சென்னை வெயிலில் வேலை செய்யுமா?

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் தீவுகளாயின. தெருவில் படகு ஓடியது. கரன்ட் இல்லை. செல்போன்கள் ஒவ்வொன்றாக உயிரைவிட்டன.

இன்று சார்ஜ் கேட்பது செல்போன் மட்டுமல்ல. அப்பாவின் நாடித்துடிப்பை எண்ணும் வாட்ச், அம்மாவின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் கருவி என்று பட்டியல் நீள்கிறது. கொரோனா பரவிய 2020-ல், சென்னை ஐ.ஐ.டி-யின் மருத்துவத் தொழில்நுட்ப மையமும் ஹெலிக்ஸான் நிறுவனமும் விரலில் மாட்டும் கருவி ஒன்றை உருவாக்கின. உடல் வெப்பநிலை, ஆக்ஸிஜன், சுவாசம், நாடித்துடிப்பு நான்கையும் அது வயர் இல்லாமலே அனுப்பும். நோயாளி வீட்டில் இருக்க, டாக்டர் வேறிடத்தில் இருந்தே கவனிக்கலாம்.

எல்லாம் சரி, பேட்டரி தீர்ந்தால்?

26 முறை மாற்றிய மனிதர்

இந்தக் கேள்வி புதிதல்ல. 1958-ல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகிலேயே முதன்முறையாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். சில மணி நேரத்தில் அது செயலிழந்தது. உடனே மாற்றினார்கள். வாழ்நாளில் மொத்தம் 26 பேஸ்மேக்கர்களைப் பார்த்துவிட்டு, 2001-ல் 86 வயதில்தான் அவர் காலமானார். இன்றைய பேஸ்மேக்கர் சுமார் 10 ஆண்டுகள் தாங்கும். ஆனால், பேட்டரி தீர்ந்தால் மீண்டும் ஒரு சிறிய ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

அதனால்தான் விஞ்ஞானிகள் உடம்பையே மின்நிலையமாக்கப் பார்க்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடலில் இருந்தே சுமார் 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது. பேஸ்மேக்கருக்குத் தேவையோ ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான்.

மூன்று வழிகள்

முதல் வழி, வெப்பம். இரு பக்கமும் வெவ்வேறு சூடு இருந்தால் சில பொருட்களில் மின்சாரம் பிறக்கும். 1998-லேயே சீக்கோ நிறுவனம் உடல் சூட்டில் ஓடும் வாட்ச்சை வெளியிட்டது.

இரண்டாவது, அசைவு. கையை வீசி நடந்தாலே சாவி ஏறிக்கொள்ளும் தாத்தா காலத்து ஆட்டோமேட்டிக் வாட்ச்சின் தத்துவம்தான். சீனாவில் ஒரு குழு, இதயத்தின் துடிப்பிலிருந்தே மின்சாரம் எடுத்து இயங்கும் பேஸ்மேக்கரைப் பன்றிகளிடம் சோதித்து 2019-ல் முடிவுகளை வெளியிட்டது.

மூன்றாவது, வெளிச்சம். ட்யூப்லைட்டிலேயே ஓடும் சோலார் கால்குலேட்டர் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முடிச்சூர் மே மாதம்

ஸ்டாக்ஹோம் குளிரில் தோலுக்கும் காற்றுக்கும் இடையே பெரிய வெப்ப வித்தியாசம் இருக்கும். மே மாத முடிச்சூரில் கரன்ட் போய், ஃபேன் நின்று, அறையே தோல் அளவுக்குச் சூடாகிவிட்டால்? வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம், மின்சாரமும் பூஜ்யம். எப்போது மிக அவசியமோ, அப்போதுதான் இந்த வழி கைவிடும்.

அசைவிலும் சிக்கல் உண்டு. அதிகக் கண்காணிப்பு தேவைப்படுவது படுத்த படுக்கையாக இருப்பவருக்கு. அவர் நடக்க முடியாதே! சோலார் முறைக்கோ இரவு நேரம் எதிரி.

ஆக, நம் ஊருக்கு ஒரே வழியை மட்டும் நம்பிய சென்சார் உதவாது. வெளிச்சம், அசைவு, வெப்பம் மூன்றிலும் கிடைப்பதைச் சேர்த்து, ஒரு சிறு பேட்டரியில் சேமித்து, அளவு மாறும்போது மட்டும் தகவல் அனுப்பும் சிக்கனமான கருவிதான் தேவை.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பேட்டரிக் கருவிகளே. பெற்றோருக்காக வாங்கும்போது இவற்றைக் கேளுங்கள்:

ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை நாள் தாங்கும்? சார்ஜ் குறைந்தால் பிள்ளைகளின் போனுக்குத் தகவல் வருமா? நெட்வொர்க் இல்லாத நேரத்தில் அளவுகளைச் சேமித்து வைக்குமா?

மழைக்காலத்துக்கு முன்பே ஒரு பவர் பேங்க்கை முழுதாக சார்ஜ் செய்து, பெரியவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பேட்டரி பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.