யமுனையின் சுங்கப் பாலம்

டில்லியில் வாழும் நம்மவருள் பலர் நாள்தோறும் யமுனையைக் கடந்து உத்தரப் பிரதேசத்து நொய்டாவுக்குச் சென்று வருகின்றனர். அவ்வழியில் 2001-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற டி.என்.டி. பாலத்தில் இன்று சுங்கம் இல்லை. அது நின்ற வரலாறு அறியத்தக்கது. நாமும் அங்கே பல ஆண்டுகள் காசு நீட்டியவர்களே.

பாலத்தைக் கட்டும் கம்பெனி, செலவை வாகனங்களிடம் வசூலித்துக்கொண்டு, பின்னர் பாலத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது 1997-ஆம் ஆண்டு ஒப்பந்தம். இதில் குற்றமில்லை. ஆனால், ஆண்டுதோறும் நூற்றுக்கு 20 வீதம் வருவாய்க்கும் அதில் உறுதி கூறப்பட்டிருந்தது. வசூலில் குறைந்த தொகை செலவுக் கணக்கிலேயே சேர்ந்துவிடும். உதாரணமாக, 100 ரூபாய் செலவுக்கு அவ்வாண்டு 8 ரூபாயே வசூலானால், மறு ஆண்டு பாக்கி 112 ரூபாய். அதற்கும் நூற்றுக்கு 20! லேவாதேவிக்காரரிடம் அகப்பட்ட குடியானவன் கதைதான். வசூலிக்க வசூலிக்கப் பாக்கி வளர்ந்தது.

நொய்டா குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. 2016 அக்டோபரில் அலகாபாத் உயர்நீதிமன்றம் வசூலைத் தடுத்தது. கம்பெனி மேல்முறையீடு செய்தது. போட்ட முதலும் பராமரிப்புச் செலவும் கணிசமான லாபமும் முன்னரே கைக்கு வந்துவிட்டன என்று கண்டு, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அம்முறையீட்டைத் தள்ளியது.